ரெண்டு காய்ச்சல், நாலு மாத்திரை

ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு மரியாதை அதிகம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். யாருடைய மருந்துச் சீட்டு நீளமோ, அவருக்கு.

போன ஐப்பசி மழையில், முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மச்சான் படுத்தான். (சகதர்மிணியின் தம்பி. இன்ஜினீயரிங் முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர ஆர்டரும் வாங்கிவிட்டு, அதுவரை சும்மா இருக்கக் கூடாதே என்று எங்கள் வீட்டுக்கு வந்து சும்மா இருந்தவன்.) ஒரு வாரமாகக் காய்ச்சல் விட்டபாடில்லை. கடலூர் ரோட்டில் எங்களுக்கு வழக்கமான டாக்டர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயசு. அவர் ரத்தத்தை எடுத்து 'கல்ச்சர்' பார்க்க அனுப்பினார். திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. டைஃபாய்டு. பத்து நாள் கோர்ஸ், காலை ஒன்று, ராத்திரி ஒன்று, இருபது மாத்திரை. பளபளவென்று இரண்டு அட்டை.

வெள்ளிக்கிழமை நான் கீழே படுத்தேன். அதே 103 டிகிரி. அதே தலைவலி. போதாக்குறைக்கு முழங்காலை யாரோ ஸ்பேனர் போட்டுக் கழற்றுகிற மாதிரி வலி. அதே டாக்டர், அதே ஊசி, அதே ரத்தம். சாயந்திரமே ரிசல்ட் சொல்லிவிட்டார்.

"டெங்கு தம்பி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். தண்ணி, கஞ்சி, இளநீர் நல்லா குடி. தினம் வந்து பிளட் கவுண்ட் பாத்துட்டுப் போ."

"மருந்து?"

"அதான் சொன்னேனே, தண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. சும்மா இருக்கிற மச்சானுக்கு இருபது மாத்திரை. ஊரெல்லாம் அலைந்து சம்பாதிக்கிற மாப்பிள்ளைக்குத் தண்ணீரா? கன்சல்டேஷன் ஃபீஸ் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்!

அன்று ராத்திரி மாடிக்குப் போனேன். மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். அட்டையின் பின்பக்கத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டிசைன் என்று நினைத்தேன். (டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதே என்று சொல்வதற்காக 2016-ல் மத்திய அரசு பிரபலப்படுத்திய கோடு அது என்பது பிற்பாடு தெரிந்தது.) சனிக்கிழமை இரண்டு. ஞாயிறு காலை ஒன்று. ஆக மொத்தம் நாலு. நடுவில் கால்வலி தாங்காமல், ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று கேட்டு வாங்கி அதையும் விழுங்கினேன். கவுண்ட் பார்க்கப் போகவே இல்லை.

திங்கட்கிழமை காலை காய்ச்சல் போயே போச்சு! மருந்து என்றால் இதுவல்லவா மருந்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சகதர்மிணியிடம் காபி கேட்டேன். மத்தியானம் வயிறு வலித்தது. வாந்தி. சாயந்திரம் வாய் கொப்பளித்தபோது எச்சிலில் ரத்தம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் 38,000 இருந்தது. பெட்டில் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். தெர்மாமீட்டர் நல்ல பிள்ளையாக இருக்கும், உள்ளே ரத்த ஓட்டம் படுத்துவிடும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். நான் 'ஸ்ட்ராங்கா' வாங்கியது அந்த வகைதான்.

டாக்டர் என்னைப் பார்க்க வந்தார். வேறு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வலி மாத்திரையை ஒப்புக்கொண்டேன். அந்த நாலை மட்டும் மென்று முழுங்கிவிட்டேன். இரண்டாவது தடவையாக.

"ஏன் டாக்டர், அவனுக்கு மட்டும் மருந்து இருக்கு, எனக்கு இல்ல?" என்றேன், குரலில் கொஞ்சம் பரிதாபம் கலந்து.

"அவனுக்கு வந்தது பாக்டீரியா. உனக்கு வந்தது வைரஸ். ரெண்டும் கிருமின்னு சொல்றது, யானையும் கடுதாசியும் ஒண்ணுங்கற மாதிரி" என்றார்.

படுத்த படுக்கையாக மூன்று நாள். அப்போது கேட்டதும் அப்புறம் படித்ததும் சேர்த்து, ஒரு பி.காம். மண்டைக்கு எட்டிய வரையில் சொல்கிறேன்.

* * *

பாக்டீரியா ஒரு முழு கம்பெனி. சின்னதுதான், ஆனால் எல்லாம் சொந்தம். சுற்றிக் கெட்டியான காம்பவுண்டுச் சுவர். அதற்கு உள்பக்கம் ஒரு சவ்வு. நடுவில் ஹெட் ஆபீஸ் ஃபைல், அதாவது வளையமாகச் சுருண்ட டி.என்.ஏ. ஃபைலைப் படித்துப் புரதம் தயாரிக்க ஆயிரக்கணக்கில் ரிபோசோம் என்கிற மெஷின்கள். சாப்பாட்டை எரித்து எடுக்கும் கரன்ட்டும் சொந்தம். டைஃபாய்டு கிருமிக்கு வண்டி வாகனம்கூட உண்டு. உடம்பைச் சுற்றி வால்கள், அவற்றைச் சுழற்றி நீந்தும். அதன் ஃபைலில் இருப்பது சுமார் 48 லட்சம் எழுத்து.

வைரஸ்? சுத்தமான லெட்டர்பேடு கம்பெனி. கட்டடம் கிடையாது, மெஷின் கிடையாது, கரன்ட் கிடையாது, ஸ்டாஃப் கிடையாது. ஒரு கவர், உள்ளே ஒரு கடுதாசி. கடுதாசி என்பது டி.என்.ஏ.வாகவோ ஆர்.என்.ஏ.வாகவோ இருக்கும். கவர் புரதத்தால் ஆனது. டெங்கு, கொரோனா மாதிரி சிலதுக்கு அதன் மேல் ஒரு கொழுப்புறையும் உண்டு. (சோப்புப் போட்டுக் கை கழுவினால் கொரோனா சாவது இந்தக் கொழுப்பு கரைவதால்தான்.) டெங்குவின் கடுதாசியில் சுமார் 11,000 எழுத்து. அதை நாலு பக்கத்தில் எழுதலாம் என்றால், டைஃபாய்டு ஃபைலுக்கு 1,700 பக்கத்துக்கு மேல் வேண்டும். அந்த நாலு பக்கத்தில் இருப்பது பத்தே பத்துப் புரதத்துக்கான ஆர்டர். பத்து அயிட்டத்தை வைத்துக்கொண்டு என்னைப் பெட்டில் படுக்க வைத்துவிட்டது.

சைஸிலும் அப்படித்தான். டைஃபாய்டு பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு, அல்லது கொஞ்சம் கூட. டெங்கு வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் நாற்பது, ஐம்பது நின்றால்தான் அந்த நீளம் வரும்.

இனி இனப்பெருக்கம். (வார இதழில் இந்த வார்த்தையைப் பார்த்து நிமிர்ந்து உட்காரும் வாசகர்கள் ஏமாறுவதற்கு முன்கூட்டியே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் ஆண் பெண் சமாசாரம் எதுவும் இல்லை.)

பாக்டீரியா செய்வது பாகப்பிரிவினை. ஃபைலை ஒரு காப்பி எடுக்கும். உடம்பு நீளும். நடுவில் ஒரு சுவர் எழும்பும். வக்கீல் இல்லாமல், கோர்ட்டு இல்லாமல், ஒன்று இரண்டாகும். நம் குடலில் இருக்கிற ஈ.கோலை என்கிற பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் இதற்கு 20 நிமிஷம் போதும். இருபது நிமிஷத்துக்கு நூறு வட்டி! எந்தக் கந்துவட்டிக்காரனும் கேட்டதில்லை. சாயந்திரம் நாலு மணிக்கு ஒன்றை விட்டால், ராத்திரி பதினொன்றுக்கு 20,97,152. (கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். 21 தடவை இரண்டால் பெருக்க வேண்டும்.) உடம்புக்குள் இத்தனை வேகம் இருக்காது, எதிர்ப்பு சக்தி என்று ஒன்று காவல் நிற்கிறது. இருந்தாலும் கணக்கு கூட்டு வட்டிதான்.

வைரஸ் பிரியாது. பிரிய அதனிடம் என்ன இருக்கிறது? வெளியே இருக்கும்போது அது வெறும் தூசு. நம் செல்லின் வாசலில் போய் ஒட்டிக்கொள்ளும். செல் அதை ஏதோ நமக்கு வந்த பார்சல் என்று தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் கவர் கிழிந்து கடுதாசி வெளியே விழும். அந்த நிமிஷம் வைரஸ் என்று ஒன்று இல்லவே இல்லை! தேடினால் கிடைக்காது. நம்முடைய ரிபோசோம்கள், பாவம், கையெழுத்து யாருடையது என்று பார்க்காமல் ஆர்டரை நிறைவேற்றத் தொடங்கும். கவர் தனியாக, கடுதாசி தனியாகத் தயாராகும். அப்புறம் உள்ளே போட்டு ஒட்டி, ஆயிரக்கணக்கில் டெஸ்பாட்ச். பாக்டீரியாவில் அப்பன் பாதிப் பாதியாகப் பிள்ளைகளுக்குள் போகிறான். வைரஸில் அப்பன் கரைந்து காணாமல் போன பிற்பாடுதான் பிள்ளைகள். அதுவும் ஊரான் வீட்டுச் செலவில்.

மச்சானின் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பியதும் எனக்கு அனுப்பாததும் இப்போதுதான் புரிந்தது. கல்ச்சர் பாட்டிலில் இருப்பது சத்துள்ள ஒருவித சூப். பாக்டீரியா சொந்தக் கம்பெனி என்பதால் சூப்பிலேயே குடித்தனம் நடத்திப் பெருகிக் காட்டிக்கொடுத்துவிடும். வைரஸை வருஷக்கணக்கில் சூப்பில் போட்டு வைத்தாலும் ஒன்று இரண்டாகாது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால்தான் எனக்கு வேறு டெஸ்ட்: டெங்கு தயாரித்து ரத்தத்தில் கொட்டுகிற என்.எஸ்.1 என்கிற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது.

மருந்து சமாசாரமும் இதே கதைதான். ஆன்டிபயாடிக் அடிப்பது பாக்டீரியாவிடம் இருந்து நம்மிடம் இல்லாத இடத்தை. 1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்டுபிடித்த பென்சிலின் அந்தக் காம்பவுண்டுச் சுவரைக் கட்டவிடாது, பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் செல்லுக்குச் சுவரே இல்லை, தப்பித்தோம். வேறு சில மருந்துகள் பாக்டீரியாவின் ரிபோசோமைப் பிடிக்கும். நம் ரிபோசோம் வேறு மேக், வேறு மாடல். வைரஸிடம் சுவரும் இல்லை, ரிபோசோமும் இல்லை. அது ஓட்டுவது நம் மெஷின். அதை நிறுத்த வேண்டுமென்றால் நம்மையே நிறுத்த வேண்டும்! எய்ட்ஸ், மஞ்சள்காமாலை 'சி' போன்றவற்றுக்கு, வைரஸ் தனக்கென்று தயாரித்துக்கொள்கிற ஓரிரு கருவிகளைத் தேடிப்பிடித்து மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். டெங்குவுக்கு அப்படி ஒன்று கைக்கு வரவில்லை. ஆகவே தண்ணீர். தண்ணீர் மருந்து இல்லை என்று யார் சொன்னது? குழாயிலிருந்து கசிகிறது, மேலே ஊற்றுகிறோம். நியாயமான வைத்தியம்.

* * *

எங்கள் ஊர் நூற்றுச் சொச்சம் வருஷம் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது அல்ல, இருநூற்றுச் சொச்சம். அதனால் இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரன் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டரின் சீடர் சார்லஸ் சேம்பர்லேண்ட் 1884-ல் பீங்கானில் ஒரு வடிகட்டி செய்தார். ஒரு காலத்தில் நம் வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் வெள்ளையாக ஒரு கேண்டில் நிற்குமே, அதற்குத் தாத்தா முறை. பாக்டீரியா அதில் மாட்டிக்கொள்ளும். 1892-ல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலைச் சாற்றை அதில் வடிகட்டினார். வடிந்த சாறு அப்பவும் நோயைப் பரப்பியது! கேண்டிலில் மாட்டாத சின்னவன் எவனோ இருக்கிறான். 1898-ல் ஹாலந்தின் பெய்ஜரிங்க் அதற்கு 'வைரஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் விஷம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து 1939-ல்தான் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

பாக்டீரியாவுக்கே வைரஸ் காய்ச்சல் வரும் என்பது தெரியுமோ? 1917-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஃபெலிக்ஸ் டெரெல் அந்த வைரஸ்களுக்கு 'பாக்டீரியாவைத் தின்பவன்' என்று பொருள்பட 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர் சூட்டினார். எல்லாம் தின்பதில்லை, சிலது சிநேகமாகவும் தங்கும். காலரா கிருமியிடம் இருக்கிற அந்தக் கொடூர விஷத்தின் ஃபார்முலாவே ஒரு வைரஸ் உள்ளே நுழைத்துவிட்டுப் போனது என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். 2022 ஜூலையில் எங்கள் காரைக்காலில் காலரா வந்து பொது சுகாதார அவசர நிலையே அறிவித்தார்களே, அந்த மாதிரி வயிற்றுப்போக்குக்குப் பின்னால் பாக்டீரியாவும் வைரஸும் கூட்டு வியாபாரம்.

எதிர்ப்பக்கத்துக் கூட்டணி ஒன்று எங்கள் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1975-லிருந்து இங்கே இயங்குகிற கொசு ஆராய்ச்சி மையம், வி.சி.ஆர்.சி. கொசுப்புழு தின்றால் குடல் பொத்து சாகிற ஒரு பாக்டீரியா ரகத்தை இவர்கள் பிரித்தெடுத்து, பி-17 என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்து வோல்பாக்கியா. பூச்சிகள் முதலியவற்றின் செல்லுக்குள் மட்டும் வாழ்கிற பாக்டீரியா. (சொந்தக் கம்பெனி வைத்துக்கொண்டும் வாடகை வீட்டில்தான் இருப்பேன் என்கிற ரகம். விதி என்றால் விலக்கும் இருக்குமே.) டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குள் இது குடியேறினால், அங்கே டெங்கு வைரஸ் எளிதில் பெருக முடியாது. அப்படி வோல்பாக்கியா குடியேறிய இரண்டு வகைக் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். ஊருக்குள் பறக்க விடுவதென்றால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். கொசுவை விடுவதற்குக்கூட கவர்மென்ட் ஆர்டர்!

என்னைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்றும் தெரிந்தது. நான் பெட்டில் இருந்தபோது சுகாதாரத்துறைப் பெண்மணி இருவர் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். ஏ.எஃப்.டி. மில் பக்கத்துச் சாக்கடையை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏடிஸ் சாக்கடைக்குப் போகாதாம், டீசன்ட் பார்ட்டி. எங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டில், சுத்தமான தண்ணீரில், புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. என் வீட்டுக் கொசு, என்னையே கடித்தது.

* * *

இத்தோடு முடித்திருந்தால் இது அறிவியல் கட்டுரை. பாக்கி இருக்கிறது.

நான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபோது மச்சான் வாசலில் நின்று சிரித்தான். "கோர்ஸ் முடிஞ்சுபோச்சு மாமா. காய்ச்சலும் இல்ல." நானும் சிரித்தேன். சரியாகப் பதினைந்தாம் நாள் மறுபடி 103. மறுபடி கல்ச்சர். மறுபடி டைஃபாய்டு. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி.

டாக்டர் கேட்டார். "பத்து நாளும் சாப்பிட்டியா?"

"எட்டாம் நாளே அட்டை தீர்ந்துபோச்சு டாக்டர்."

"இருபது இல்ல எழுதினேன்? பதினாறுல எப்படித் தீரும்?"

நான் பி.காம். சார். ஆரம்ப இருப்பு 20, நியாயமான செலவு 16, குறைவு 4. ஸ்டாக் டேலி ஆகவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் குறைத்துக் கொடுத்திருப்பான் என்றாள் சகதர்மிணி. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுசா சாப்பிட்டாலும் சிலருக்குத் திரும்பி வரும்" என்றார் டாக்டர். "ஆனா பாதியில விட்டா, செத்தது பலவீனமான கிருமி, மிஞ்சினது முரட்டுக் கிருமின்னு ஆகலாம். மிஞ்சினது ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அதுங்க ஒண்ணுக்கொண்ணு தப்பிக்கிற வித்தையை எழுதிக் குடுத்துக்கும். அப்புறம் அந்த மருந்து உனக்கும் இல்ல, ஊருக்கும் இல்ல."

என் வயிற்றில் அந்த நாலு மாத்திரை என்ன செய்தது என்று யோசித்தேன். டெங்குவைத் தொட்டிருக்காது. என் குடலில் தேமே என்று இருந்த அப்பாவி பாக்டீரியாக்கள் சிலதைக் கொன்று, முரடர்கள் சிலருக்கு இடம் காலி செய்து கொடுத்திருக்கும். எனக்கு உபயோகமில்லாத மருந்தை, தேவைப்பட்டவனிடமிருந்து எடுத்திருக்கிறேன். காய்ச்சல் தானாக இறங்கியதற்கு மாத்திரைக்கு நன்றி சொல்லிக் காபி வேறு குடிக்கப் பார்த்தேன்.

ஒன்றாம் தேதி ஒரகடத்தில் சேர வேண்டியவன் ஆஸ்பத்திரிப் பெட்டில் இருந்தான். அடுத்த பேட்ச்சில் வாருங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஜனவரியில்தான் சேர்ந்தான். போன சம்பளம் இரண்டு மாசம். நான் திருடியதன் அடக்க விலை அறுபது ரூபாய் இருக்கும்.

இதை நேரில் சொல்ல ஐந்தாறு தடவை முயற்சி செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவன், "உங்க உடம்பு எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டுக் கெடுத்துவிடுகிறான்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவன் இந்தப் பத்திரிகையைத்தான் படிக்கிறான். முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தை என்று பெருமையாகச் சொல்லுவான். ஆகவே:

மச்சான், மெடிக்கல் ஷாப்காரன் மேல் தப்பில்லை. அந்த நாலும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உங்க அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.